ஈரம் படாமல் வைத்த பாட்டில்

தக்கை பாதியில் உடைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாட்டு மேசை மேல் பாட்டில் நிற்கிறது. என் மகள் செல்வி ஒரு கையால் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, தக்கைக்குள் திருகியிருந்த கம்பியை மறு கையால் மெதுவாக மேலே இழுத்தாள். வந்தது பாதித் தக்கைதான். மீதி பாட்டிலின் கழுத்துக்குள்ளேயே நின்றுகொண்டது. வந்த பாதியும் ரஸ்க் மாதிரி அவள் விரலில் உதிர்ந்தது.

செல்வி அந்தத் தூளை விரலில் தேய்த்துப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். அவள் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் அப்பா, என் வீட்டுக்காரர், ஜன்னலோரமாக நின்று, தெருவில் பெரிய வேடிக்கை நடப்பதுபோல வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை.

அது பிரான்சிலிருந்து வந்த வெள்ளை ஒயின். எங்கள் வீட்டில் இருமலுக்குக் குடிக்கிற டானிக்கில்கூட ஆல்கஹால் கலந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்துத்தான் குடிப்போம். அப்படிப்பட்ட நான், அந்த ஒயின் கெடாமல் இருக்கவேண்டும் என்று அன்று வேண்டாத சாமி இல்லை. பேசாமல் இருக்கிற அப்பாவையும் மகளையும் பேச வைக்க அந்த பாட்டிலை விட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கெமிஸ்ட்ரி படித்த பெண்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு எங்கள் வீடு தெரிந்திருக்கும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சிவகாசி. வீட்டுக்காரருக்கு நாரணாபுரம் பக்கத்தில் பட்டாசுத் தொழிற்சாலை. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற சின்ன அச்சகம் என் பொறுப்பு. எங்களுக்கு ஒரே மகள்.

செல்வியைக் கெமிஸ்ட்ரியில் சேர்த்ததே அவர்தான். அவளைக் கோயம்புத்தூர் காலேஜில் விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து அவருக்குத் தரையில் கால் நிற்கவில்லை. கல்யாண வீடு, வங்கி, கோயில் வாசல் என்று எங்கே யாரைப் பார்த்தாலும் இதே பேச்சு.

"எம்புள்ள படிச்சிட்டு வந்துரட்டும். பெறகு பாருங்க, நம்ம கம்பெனி சரக்குல கலரு எப்பிடி நிக்குதுன்னு."

தொழிற்சாலை ஆபீசில் அவளுக்கென்று ஒரு மேசைகூட வாங்கிப் போட்டார். அந்த மேசையில் இப்போது குடிதண்ணீர் கேன் உட்கார்ந்திருக்கிறது.

மேல்படிப்புக்கு உதவித்தொகை கிடைத்து அவள் பிரான்ஸ் போனாள். படிப்பின் கடைசியில் பயிற்சிக்காக ஒரு திராட்சைத் தோட்டத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்த்தார்கள். தோட்டம் என்றால் சாதாரணத் தோட்டம் இல்லை. ஏதோ ஒரு காலத்தில் மடத்துத் துறவிகள் கொடி நட்டு ஆரம்பித்த இடமாம். குன்றுக்கு அடியில் குடைந்த நிலவறை, கல் வீடு, ஆற்றைப் பார்த்த சரிவு. எங்கள் ஊரின் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு மூன்றின் வயதையும் கூட்டினாலும் அந்தத் தோட்டத்தின் வயதில் பாதி தேறாது.

பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவளும் சரி என்று சொல்லிவிட்டு, பிறகுதான் எங்களுக்குப் போன் செய்தாள்.

"சாராயம் காச்சவா ஒன்னய அம்புட்டுத் தூரம் அனுப்புனேன்?" என்று கேட்டார் இவர்.

அவளுக்கும் அப்பா மாதிரியே நாக்கு. "நீங்க வெடிக்கிறதச் செய்யிறீக, நான் குடிக்கிறதச் செய்யிறேன். ரெண்டும் கெமிஸ்ட்ரிதானப்பா" என்றாள்.

இவர் போனை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவளோடு பேசுவதை அன்றோடு நிறுத்திவிட்டார்.

பேச்சு நின்றதே தவிர விசாரிப்பு நிற்கவில்லை. "அவளுக்கு அங்கன குளிருக்குக் கம்பளி இருக்கான்னு கேளு" என்பார். நான் கேட்பேன். "இருக்குன்னு சொல்லுங்கம்மா" என்பாள். போன் ஸ்பீக்கரில்தான் இருக்கும், இருவரும் பேசுவது இருவருக்கும் கேட்கும். நடுவில் நான் ஒருத்தி எதற்கு என்று தோன்றும். இருந்தாலும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாட்டில் வந்த நாள்

மறு வருடம் லீவில் வந்தபோது ஸ்வெட்டருக்குள் சுற்றி அந்த பாட்டிலைக் கொண்டுவந்தாள். அடுப்படியில் என் பக்கத்தில் நின்று சொன்னாள்.

"நான் மொதமொத அறுவடையிலருந்து பாட்டில்ல அடைக்கிற வரைக்கும் கூட நின்னு செஞ்ச ஒயினும்மா. அந்த வருசம் பனி அடிச்சு முக்காவாசி மொட்டு கருகிப்போச்சு. கிடைச்சதே கொஞ்சந்தான். வேல பாத்தவுகளுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுத்தாக. பின்னால பாருங்க."

பின்பக்க லேபிளின் ஓரத்தில் பென்சிலால் அவள் பெயரைப் பிரெஞ்சுக்காரர் யாரோ கொக்கி கொக்கியாக எழுதியிருந்தார்.

"இப்பத் திறக்கக் கூடாது. சில வருசம் போகணும். அப்பதான் ருசி ஏறும். அப்பா என்கிட்ட பேசுற அன்னிக்குத் திறப்போம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், கண்ணில் சிரிப்பு இல்லை.

ஊருக்குக் கிளம்புகிற அன்று பாட்டிலை மேசை மேல் எடுத்து வைத்தாள். இவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்துச் சொன்னார், "சாமி கும்புடுற வீட்டுல இது எதுக்கு? அவளே கொண்டுபோகட்டும்."

செல்வி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். "பத்திரமா வச்சிருங்கம்மா" என்பதோடு சரி. மதுரை விமான நிலையத்துக்குக் கார் கிளம்பிவிட்டது. அதை எப்படி வைக்கவேண்டும், எங்கே வைக்கவேண்டும் என்றெல்லாம் சொல்லத்தான் இருந்திருப்பாள். இவர் பேசிய பேச்சுக்குப் பிறகு யாருக்கு அது நினைவு வரும்?

ஜூஸ் கம்பெனி

சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது என்று ஒரு பிரச்சினை இருந்தது. மகள் ஒயின் தோட்டத்தில் வேலை பார்க்கிறாள் என்று எங்கள் பக்கத்தில் சொன்னால், மறுநாள் அவள் குடித்துவிட்டு ரோட்டில் கிடக்கிறாள் என்று செய்தி திரும்பி வரும். அதனால் திராட்சை ஜூஸ் கம்பெனி என்று சொல்லிவைத்தேன். பழம் திராட்சைதானே, முழுப் பொய்யும் இல்லை.

காரியாபட்டியில் இருக்கிற என் நாத்தனார் விடுவதாயில்லை. "மதினி, அந்த ஜூஸு சுகருக்கு ஆகுமா? நமக்கு ரெண்டு பாட்டில் அனுப்பச் சொல்லுங்களேன்" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "அது ரொம்பப் புளிப்பு, ஒங்களுக்கு ஆகாது" என்று நானும் தள்ளிக்கொண்டே வந்தேன். இந்தப் பேச்சு எழுந்தால் இவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விடுவார். ஜூஸ் என்றும் சொல்லமாட்டார், ஒயின் என்றும் சொல்லமாட்டார்.

லேபிளைப் பற்றிக் கொஞ்சம்

தொழில் புத்தி போகுமா? பாட்டிலைவிட அதன் மேல் ஒட்டியிருந்த லேபிளைத்தான் நான் அதிகம் பார்த்தேன். பால் ஏடு நிறத்தில் சொரசொரப்பான காகிதம். கறுப்பு ஒரே மை. ஒரு சின்ன வீடு, நாலு வரிசைக் கொடி, கீழே தோட்டத்தின் பெயர். மற்றதெல்லாம் வெற்றிடம்.

எங்கள் ஊரில் கம்பி மத்தாப்புப் பெட்டிக்கே ஆறு கலர் வேண்டும். மயில் இருக்கவேண்டும், குழந்தை சிரிக்கவேண்டும், வானத்தில் நாலு வெடி வெடித்திருக்கவேண்டும். விரற்கடை இடம் சும்மா கிடந்தால், "காசு வாங்குறீகள்ல, அதுலயும் எதையாச்சும் போடுங்க" என்பார்கள் கஸ்டமர்கள். அந்த வெற்று லேபிளைப் பார்த்ததும், இவ்வளவு பழைய ஆட்கள் வாங்குகிறவர்களைக் கூவிக் கூப்பிடவேண்டியதில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

எங்கள் ஊரும் ஈரமும்

செல்வி போன மறுநாள் காலையில் மேசை மேல் பாட்டிலைக் காணோம். குப்பையில் போட்டுவிட்டாரோ என்று பின்வாசலுக்கு ஓடினேன். அங்கே இல்லை. மொட்டைமாடி அறையில் ஆள் நடமாட்டம் கேட்டது. மேலே போனால், இவர் தரையில் உட்கார்ந்து பாட்டிலை வேட்டித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பிழைப்பே வறட்சியால் வந்தது. மழை பெய்யாத ஊர் என்றுதான் இங்கே தீப்பெட்டி வந்தது, பட்டாசு வந்தது. திரி ஈரமானால் வெடி புஸ்ஸென்று போகும். காகிதம் ஈரமானால் என் அச்சகத்தில் கலர் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. மற்ற ஊரில் மேகம் கறுத்தால் சந்தோஷப்படுவார்கள். நாங்கள் மேகத்தைப் பார்த்தால் தார்ப்பாயைத் தேடுவோம். ஒரு பொருளைக் காப்பாற்றுவது என்றால் அதை ஈரம் அண்டாமல் வைப்பது என்றுதான் எங்கள் கைக்குத் தெரியும்.

எங்கள் வீட்டிலேயே ஈரம் அண்டாத இடம் அந்த மொட்டைமாடி அறை. தகரக் கூரை, மேற்கு வெயில் முழுக்க உள்ளே விழும். அட்டைச் சாம்பிள்களை அங்கேதான் வைப்போம். பாட்டிலைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, கெட்டி அட்டைப்பெட்டிக்குள் நேராக நிற்க வைத்தார். பெட்டியில் மேல்நோக்கி அம்புக்குறி போட்டார். செருப்புப் பெட்டி, மருந்து டப்பாக்களிலிருந்து சேர்த்து வைத்திருந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சுற்றிலும் திணித்தார்.

அதோடு விட்டாரா? ஐப்பசி அடைமழையில் அந்த அறையில் ஒரு குண்டு பல்பை எரியவிடுவார், காகிதக் கட்டுக்கு நாங்கள் செய்கிற மாதிரியே. பொட்டலங்களை வெயிலில் காயப்போட்டுத் திரும்ப வைப்பார். மழை தூறினால் கொடியில் கிடக்கிற துணியை எடுக்கமாட்டார், நேரே அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்க்கப் போவார்.

ஒருநாள் கேட்டேன், "ஒங்களுக்குத்தான் அதுவே ஆகாதே. பெறகு எதுக்கு இம்புட்டுப் பாடு?"

"அது சரக்கு" என்றார். "சரக்கு மேல எனக்கென்ன கோவம்?"

இதை நான் செல்வியிடம் போனில் சொன்னேன். "ஒங்கப்பா அந்த பாட்டில சாமிய விடப் பத்திரமா வச்சிருக்காக." ஏதோ வேலை இருக்கிறது என்று அவள் போனை வைத்துவிட்டாள். எப்படி வைத்திருக்கிறார் என்று அவள் கேட்கவில்லை. அப்பா அதைத் தூக்கி எறிந்திருப்பார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருப்பாள். எறியவில்லை என்று கேட்டதே அவளுக்குப் போதுமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை

சில வருடம் கழித்து இந்த முறைதான் வந்தாள். அப்பாவுக்கு நரை கூடியிருக்கிறது என்று என்னிடம் சொன்னாள். மகள் இளைத்துவிட்டாள் என்று அவரும் என்னிடம்தான் சொன்னார். ஒரு வாரம் இப்படியே ஓடியது. ஞாயிற்றுக்கிழமை சமையல் முடிந்ததும் நான் துணிந்து, இருவருக்கும் கேட்கிற மாதிரி, "அந்த பாட்டிலத்தான் இன்னிக்குத் திறக்கிறது" என்றேன்.

செல்வி அப்பா பக்கம் பார்த்தாள். இவர் எழுந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். மாடிப்படி ஏறினார். பெட்டியைத் தன் கையாலேயே தூக்கி வந்து, காகிதத்தைப் பிரித்து, பாட்டிலை மேசை நடுவில் வைத்தார். அதில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

அதன் பிறகுதான் தக்கை உடைந்தது.

மீதித் தக்கையைக் கம்பியால் குத்தி உள்ளே தள்ளிவிட்டு, "டீ வடிகட்டி எடுங்கம்மா" என்றாள். கண்ணாடி டம்ளரில் வடிகட்டி ஊற்றினாள். காய்ந்த வைக்கோல் நிறத்தில் இருக்கும் என்று எனக்கு எப்போதோ சொல்லியிருந்தாள். வந்தது பால் விடாத டீ நிறத்தில் இருந்தது.

டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அந்தப் பழுப்பைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும், அவள் வேலையே அதுதானே. மேசை மேல் கிடந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தாள். அதில் இருந்த அம்புக்குறியை, சுற்றிலும் வரிசையாக அடுக்கியிருந்த பொட்டலங்களை, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. ஒரு மடக்குக் குடித்தாள். பிறகு டம்ளரைக் காலி செய்தாள்.

"நல்லா இருக்குப்பா" என்றாள். "ரொம்ப நல்லா வந்திருக்கு. நீங்க பத்திரமா வச்சிருந்ததுனாலதான்."

நேராக அவரைப் பார்த்துச் சொன்னாள். நடுவில் நான் இல்லை.

வடிகட்டியில் ஒட்டியிருந்த துளியை நான் விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். ஊசிப்போன புளித்தண்ணீர். ஆனால் வாயைத் திறக்கவில்லை. மகள் ஒரு பொய்யைச் சொல்லி முடிச்சை அவிழ்க்கப் பார்க்கிறாள், அவிழட்டும், நமக்கென்ன என்று பேசாமல் நின்றேன். உண்மையில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

இவர் ஜன்னலை விட்டு மேசைக்கு வந்தார். காலி டம்ளரை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். கந்தகத்துக்கும் வெடியுப்புக்கும் நடுவிலேயே காலத்தைக் கழித்த மனுசன். எந்தச் சாக்கைப் பிரித்தாலும் முகர்ந்தே நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"புளிச்ச காடி வாடை அடிக்குது" என்றார்.

"இல்லப்பா, இது இப்பிடித்தான் கொஞ்சம்..."

"எனக்கு மூக்கு இல்லையா?" குரல் உயர்ந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். "சரக்கு கெட்டுப்போச்சுன்னா கெட்டுப்போச்சுன்னு சொல்லு. அப்பன் மனசு நோகும்னு சரக்கு மேல பொய் சொல்லுவியா? தொழில்காரி பேசுற பேச்சா இது?"

அவளைத் தொழில்காரி என்று, அதுவும் அவள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார் என்பது எனக்கே ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்கவேண்டும், நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

செல்வி முந்தானை இல்லாத குறைக்குத் தோள்பட்டையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கெட்டுப்போச்சுப்பா" என்றாள். "சுத்தமாக் கெட்டுப்போச்சு."

"எதுனால?"

"காஞ்சு போச்சுப்பா. பாட்டிலப் படுக்க வைக்கணும், தக்கை ஒயின்ல நனைஞ்சுக்கிட்டே இருக்கணும். காஞ்சா சுருங்கிரும், காத்து உள்ள போயிரும். ரூமும் குளுந்து, இருட்டா, ஈரமா இருக்கணும்."

"ஈரமாவா?" இவருக்கு நம்பிக்கை வரவில்லை. "எம்புட்டு ஈரம்?"

"எங்க நிலவறையில சுவரெல்லாம் பூஞ்சை பூத்துக் கெடக்கும்ப்பா. கைய வச்சா ஒட்டும்."

"அடப்பாவமே" என்றார். "நான் பல்பப் போட்டுல்ல காயவச்சேன்."

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு சேர்ந்து வந்த சிரிப்பு, நிறுத்த முடியவில்லை. இவரும் சிரித்தார். எனக்கு மட்டும் அழுகைதான் வந்தது. அடுப்படிக்குள் போய் நின்று அழுதேன்.

ரசம் ஆறிப்போனது. நான் சூடு பண்ணினேன், அது மறுபடியும் ஆறியது. நிலவறை எத்தனை அடி ஆழம், மேலே மண்ணா பாறையா, மழைக்காலத்தில் தண்ணீர் ஊறுமா, பனி அடித்த வருடம் மொட்டை எப்படிக் காப்பாற்றினார்கள் என்று இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் மேசை மேல் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தோட்டத்தின் சரிவை வரைந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

"நம்ம வீட்டுல மாடிப்படிக்குக் கீள, தண்ணித்தொட்டிய ஒட்டி ஒரு எடம் இருக்கு" என்றார் கடைசியில். "எந்நேரமும் நசநசன்னு இருக்கும். அங்கன வெயிலே விளாது. ஆகுமா?"

செல்வி யோசித்தாள். "பாக்கலாம்ப்பா. ஆனா அந்த வருசத்து ஒயின் இனிமே கிடைக்காது."

"அது போகட்டும். போன வருசம் போட்டதுல கொண்டா." பாட்டிலைத் திருப்பி, பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்த அவள் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ரெண்டாக் கொண்டா தாயி. ஒண்ண நான் கெடுத்தாலும் ஒண்ணு இருக்கும்."